அக்கா யார் கையிலும் எதுவும் வாங்கமாட்டாள்

மூன்று இரும்பு உருளைகள். இரண்டு பின்னால், ஒன்று முன்னால், நடுவே ஒரு ரப்பர் பட்டை. அதன்மேல் சைக்கிளை நிறுத்தி அக்கா ஏறி மிதிக்க ஆரம்பித்தால் சக்கரம் சுற்றும், உருளை சுற்றும், அக்கா மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பாள். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. கவனம் கொஞ்சம் பிசகினாலும் சைக்கிளோடு சரிய வேண்டியதுதான். மழைக்காலத்தில் மயிலாப்பூர்த் தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது அவளுடைய பயிற்சியெல்லாம் எங்கள் மொட்டை மாடியில், இந்த உருளைகளின் மேல்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை எங்களுடையது. அதற்கு வெளியே துணி காயப்போடும் இடத்தில் தார்ப்பாய் கட்டி, அதனடியில் ஒன்றரை மணி நேரம் மிதிப்பாள். கோபுரத்து உச்சிக் கலசத்தைப் பார்த்துக்கொண்டே மிதிப்பாள், கண்ணை அங்கிருந்து எடுக்கமாட்டாள். கட்டடமே அதிரும். கீழ்வீட்டு மாமி மாடிப்படியில் பாதி ஏறி நின்று, "ஏண்டிம்மா, எங்காத்துல பாத்திரமெல்லாம் அலமாரிலேருந்து தானா எறங்கி வந்துண்டிருக்கு. இன்னும் எத்தனை நாழி?" என்பாள். அக்கா பதில் சொல்லமாட்டாள், சொன்னால் விழுந்துவிடுவாள். நான்தான் சொல்வேன், "பத்து நிமிஷம் மாமி." அந்தப் பத்து நிமிஷம் நாற்பது நிமிஷமாகும் என்பது மாமிக்கும் தெரியும்.

என் அக்கா சைக்கிள் பந்தய வீராங்கனை. இதைச் சொன்னால் இன்றைக்கும் ஜனங்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். கிரிக்கெட் தெரியும், கபடி தெரியும், சைக்கிளில் என்னம்மா பந்தயம் என்கிறார்கள். மாநிலத்தில் ஆறு வருஷம் அவளை முந்த ஆளில்லை. தேசியப் போட்டியில் இரண்டு வெள்ளி வாங்கினாள். தங்கமும் ஒன்று வாங்கினாள். அந்தத் தங்கம் போனது என்னால். இதை எங்கேயோ நடுவில் பூசி மெழுகிச் சொல்வதைவிட இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பத்துப் பன்னிரண்டு வருஷம் பூசி மெழுகியது போதும்.

அப்பா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். தினமும் சைக்கிளில்தான் போய்வருவார். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் பட்டறையிலேயே மாரடைப்பில் போய்விட்டார். சைக்கிளை யாரோ இரண்டு நாள் கழித்து ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள். அதைப் பார்க்கப் பார்க்க அம்மாவுக்கு அழுகை வந்தது, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள். அக்காவுக்கு அப்போது பதினாறு வயது. "அத்த குடுத்தன்னா என்னையும் சேத்துக் குடுத்துடு" என்றாள். அது குறுக்குக் கம்பி வைத்த ஆம்பிளை சைக்கிள். பாவாடையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு அதில்தான் பள்ளிக்கூடம் போனாள், ரேஷன் கடைக்குப் போனாள், விடிகாலையில் காற்று வாங்கக் கடற்கரைச் சாலைக்கும் போனாள். அங்கே ஒருநாள் பந்தய சைக்கிளில் போன நாலைந்து பையன்களை அந்த ஓட்டை வண்டியை வைத்துக்கொண்டே முந்திவிட்டாள். பின்னால் ஸ்கூட்டரில் வந்த அவர்களுடைய மாஸ்டர் இவளை நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று பயந்தாளாம். அவர் வண்டியைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார், "நாளைக்கும் வாம்மா. ஹவாய் செருப்பு மட்டும் போட்டுக்கினு வராத" என்றார். அவ்வளவுதான், அதிலிருந்து மாஸ்டர் எங்கள் வீட்டு மனிதராகிவிட்டார், அவளுக்கு ஒரு பழைய பந்தய சைக்கிளும் ஏற்பாடு செய்தார்.

அவள் காலை நாலு மணிக்கு எழுந்துவிடுவாள். அடையாறு பாலத்தைத் தாண்டி, திருவான்மியூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, மகாபலிபுரம் வரை போய்த் திரும்பினால் எனக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரம். லாரிகளுக்குப் பயப்படமாட்டாள், நாய்களுக்குப் பயப்படுவாள். பைக்கில் கூடவே வந்து "இன்னா பாப்பா, ரேஸா?" என்று கேட்கிறவர்கள் தினமும் உண்டு. அவர்களிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். "வாயில போற காத்து கால்ல கொறையும்டி" என்பாள். விழுந்தால் தொடையிலிருந்து கணுக்கால் வரை தோல் வழித்துக்கொண்டு போகும். மாதத்துக்கு ஒருதரமாவது அப்படி வருவாள். அம்மா சுடுதண்ணீரும் பஞ்சுமாக உட்கார்ந்து கல்லும் மண்ணும் எடுப்பாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். அழுவது நானும் அம்மாவும்தான்.

அம்மா மந்தைவெளியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்த்தாள். கட்டிலில் கிடப்பவர்களைத் திருப்பிப் படுக்கவைப்பது, துடைத்துவிடுவது, துணி மாற்றுவது. அங்கே மீந்த மாத்திரைகளை நர்சுகள் அவளுக்குக் கொடுப்பார்கள். அதையெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அந்த டப்பாதான் திறக்கும். அம்மாவுக்குப் பெயர் படிக்கத் தெரியாது, நிறத்தை வைத்துத்தான் அடையாளம். அவளுக்கு அந்த டப்பா ஒரு கௌரவம். தான் பெற்ற மூத்த மகளுக்கு மட்டும் அதிலிருந்து ஒரு மாத்திரைகூடக் கொடுக்க முடியாது என்பது அவளுக்குப் பெரிய குறை.

ஏனென்றால் அக்கா யார் கையிலும் எதுவும் வாங்கமாட்டாள். மாஸ்டர் முதல் வருஷமே அவளுக்குச் சொல்லிவிட்டார்: மூடி திறந்த தண்ணீரைத் தொடாதே, தெரியாத மாத்திரை வாயில் போடாதே, உன் உடம்புக்குள் எது போனாலும் நீதான் பொறுப்பு, யார் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அக்கா இதை விரதம் மாதிரி பிடித்துக்கொண்டாள். அறுபத்துமூவர் உற்சவத்தன்று மாட வீதிகளில் பந்தலுக்குப் பந்தல் மோரும் பானகமும் சாம்பார் சாதமும் கொடுப்பார்கள். நான் ஒரு பந்தல் விடமாட்டேன். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து வருவாள். கொடுப்பவர்கள் மனம் புண்படும், இவள் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவாள். கல்யாண வீட்டில் சாப்பிடமாட்டாள். கீழ்வீட்டு மாமி நவராத்திரிச் சுண்டல் கொடுத்தால் என்னிடம் தள்ளிவிடுவாள். இந்த ஊரில் அவள் யோசிக்காமல் வாங்கிச் சாப்பிட்டது எங்கள் அம்மா கையிலிருந்து மட்டும்தான்.

"யம்மா, காய்ச்சல்ல நான் செத்தாலும் சரி, அந்த டப்பாவ மட்டும் எனக்குத் தொறக்காத" என்று அக்கா ஒருதரம் சொன்னாள். அம்மா முகம் சுருங்கிவிட்டது. "நான் இன்னா, வெசமா வெச்சிக்கினு கீறேன்?" என்றாள். ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அக்கா இருமினால் மிளகைத் தட்டி மஞ்சள் போட்டுப் பால் காய்ச்சித் தருவாள், அதோடு சரி.

அக்காவின் போட்டி கூட்டத்தில் ஓட்டுவது அல்ல. ஒவ்வொருவராக ஒரு நிமிஷ இடைவெளியில் அனுப்புவார்கள். எதிர்க்காற்றுக்கு முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கக்கூட முடியாது, கடிகாரத்தோடு தனியாகச் சண்டை போட வேண்டும். அதில் இரண்டு வெள்ளி வாங்கிய பிறகு ஓர் அரசு அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தரலாம் என்று சொன்னார்கள். ஆனால் தங்கம் வேண்டும் என்றார்கள். அப்போது அக்காவுக்கு இருபத்தைந்து வயது, எனக்குப் பதினேழு. அந்த வேலை வந்தால் குவார்ட்டர்ஸ் வரும், அம்மா ஆயா வேலையை விட்டுவிடலாம், நான் காலேஜில் சேரலாம், அக்கா சம்பளத்தோடு பந்தயத்துக்குப் போகலாம். எங்கள் மூன்று பேர் வாழ்க்கையும் அந்த ஒரு பந்தயத்தில் வந்து நின்றது. அதிர்ஷ்டம் என்று நினைத்தோம், அந்த வருஷத் தேசியப் போட்டி சென்னைக்கு வெளியிலேயே நடந்தது. வீட்டில் சாப்பிட்டு வீட்டில் தூங்கிப் போகலாம்.

பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னால் அக்காவுக்குச் சளி பிடித்தது. மூக்கு முழுசாக அடைத்துக்கொண்டது. ஆவி பிடித்தாள், சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தாள். மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, ஆவியையே விடாமல் பிடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஆத்திரமாக வந்தது. டப்பாவில் ஒரு மாத்திரை இருக்கிறது, போட்டால் அரை மணியில் மூக்கு திறந்துவிடும், போன மாதம் எனக்கே திறந்தது. பெரிய விரதமாம் விரதம் என்று மனசுக்குள் திட்டினேன். நான் என்ன ஊசியா போடப்போகிறேன், மூக்கடைப்புக்கு ஊரே போட்டுக்கொள்கிற மாத்திரைதானே?

முந்தின நாள் சாயங்காலம் அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கக் கீழே போனாள். நான் டப்பாவைத் திறந்து இரண்டு மஞ்சள் மாத்திரைகளை எடுத்து, டம்ளரின் அடியால் நசுக்கிப் பாலில் போட்டுக் கலக்கினேன். மிளகும் மஞ்சளும் இருந்ததால் நிறமும் தெரியவில்லை, கசப்பும் தெரியவில்லை. அம்மா மேலே வந்து அந்தப் பாலை ஆற்றித் தன் கையால் அக்காவுக்குக் கொடுத்தாள். அக்கா அம்மா கையிலிருந்து வாங்கிக் குடித்தாள். அன்றைக்குத்தான் மூன்று நாளில் முதல்முறையாகப் படுத்துத் தூங்கினாள். விடிகாலையில் அவள் கிளம்புவதற்கு முன் இன்னொரு மாத்திரையையும் அப்படியே கலந்தேன். காலி அட்டையைக் கசக்கித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

அக்கா ஜெயித்துவிட்டாள். சும்மா இல்லை, இரண்டாவது வந்த பெண்ணைவிட அரை நிமிஷத்துக்கும் மேலே வித்தியாசம். மாஸ்டர் ரோட்டோரம் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அம்மா ஆயா யூனிபாரத்தோடே வந்திருந்தாள், யார் யாரிடமோ "எம் பொண்ணு, எம் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். ஜெயித்தது என் மாத்திரையும் சேர்த்துத்தான் என்று எனக்கு ஒரு பெருமை. வேலை ஆர்டர் கைக்கு வந்த பிறகு சொல்லி அவளைக் கலாய்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. ஜெயித்தவர்களைச் சிறுநீர்ச் சோதனைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு தாளில் போன ஏழு நாளில் சாப்பிட்ட மருந்துகள் என்னென்ன என்று கேட்டிருந்தது. அக்கா அந்தக் கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மாஸ்டர்தான் படித்துச் சொன்னார். மூக்கடைப்பைத் திறக்கிற மருந்துதான், ஆனால் பந்தய நாளில் ஓர் அளவுக்கு மேல் உடம்பில் இருந்தால் அது ஊக்க மருந்து. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "ஊட்ல எனக்கு யாருனா எதுனா குடுத்தீங்களா?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அம்மா பிஸ்கட் டப்பாவைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பெற்றவளுக்கு ஒரு பார்வை போதாதா? புரிந்துகொண்டாள். அடுத்த நொடி, "நான்தான்டி. பால்ல போட்டுக் குடுத்தேன். நீ இருமிக்கினே கெடந்த, எனக்கு மனசு கேக்கல" என்றாள்.

நான் அம்மாவின் பின்னால் போய்த் தண்ணீர்க் குழாயடியில் அழுதேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "பெத்தவ மேல கோவம் நாலு நாள்ல போயிடும்டி. கூடப் பொறந்தவ மேல வந்தா போவாது. எனக்கு அப்பால உங்க ரெண்டு பேருக்கும் நீங்கதான் கீறீங்க. வாயத் தொறந்த, என்னை உசுரோட பாக்கமாட்ட" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் மேல் பழி போடுகிறேன் பார், நான் சொல்லாததற்கு அம்மா மட்டும் காரணம் இல்லை. எனக்குப் பயம். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

கே.கே. நகரில் மாஸ்டர் வீட்டில் லேப்டாப் முன்னால் விசாரணை நடந்தது. திரையில் மூன்று பேர். மருந்து உடம்புக்குள் எப்படிப் போனது என்று நிரூபித்துவிட்டால் தண்டனை பெரிதாகக் குறையும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அம்மா இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தானே செய்ததாக ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். எது, எத்தனை, எப்போது என்று கேட்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அதனால் அதற்கு முன்னால் ஒரு தடவைகூட என்னிடம் அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர்கள் இங்கிலீஷில் கேட்டார்கள், மாஸ்டர் தமிழில் சொன்னார். எந்த மாத்திரை? அம்மா டப்பாவிலிருந்து கொண்டுவந்த அட்டையைக் காட்டினாள். வெள்ளை. எத்தனை? "ஒண்ணே ஒண்ணு சார்." எப்போது? "ரெண்டு நாள் முன்னால." திரையில் ஒருவர் அட்டையில் இருந்த பெயரை மாஸ்டரை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னார். அது காய்ச்சல் மாத்திரை, அதில் அந்த மருந்தே இல்லை என்றார். இரண்டு நாள் முன்னால் போட்ட ஒற்றை மாத்திரை இவ்வளவு அளவு காட்டவும் காட்டாது என்றார். அம்மா பதறிப்போய், "அப்ப வேற எதுனா இருக்கும் சார், மஞ்சளோ, செவப்போ…" என்றாள். அதையும் மாஸ்டர் மொழிபெயர்த்தார். அவர்களில் ஒருவர் லேசாகச் சிரித்தார்.

நான் அந்த லேப்டாப்புக்குப் பின்னால்தான், கேமராவுக்குத் தெரியாமல் தரையில் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள், மூன்று. இரண்டே வார்த்தை. எழுந்து நின்று சொல்லியிருந்தால் போதும். அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள், சொல் என்றா, சொல்லாதே என்றா, எனக்கு இன்றுவரை தெரியாது. மகளைக் காப்பாற்றத் தாய் சொல்லும் கதை, ஆதாரம் இல்லை, ஏற்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். இரண்டு வருஷம் தடை. மெடலைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். வேலையைப் பற்றி அந்த அலுவலகத்திலிருந்து அப்புறம் பேச்சே வரவில்லை. பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி வந்தது. பால் பூத்தில் இரண்டு பேர், "ஊசி போட்டுக்கினு ஓட்டுனாளாமே, அதான் அந்த ஸ்பீடு" என்று பேசிக்கொண்டிருந்ததை அக்காவும் நானும் வரிசையில் நின்றபடி கேட்டோம். அக்கா பாலை வாங்காமல் திரும்பி நடந்தாள்.

அன்றைக்குத்தான் அம்மாவிடம் அவள் கடைசியாகக் கோபத்தில் பேசியது. "குடுத்ததும் நீ. இன்னா குடுத்தன்னு சொல்லத் தெரியாததும் நீ." அவ்வளவுதான், கத்தக்கூட இல்லை. அதற்கப்புறம் அம்மா கையிலிருந்து எதையும் வாங்குவதை நிறுத்திவிட்டாள். அம்மா டம்ளரை நீட்டினால், "வெச்சிடும்மா" என்பாள். வைத்தது அப்படியே ஆறிக் கிடக்கும். தானே சமைத்துக்கொண்டாள், தானே தண்ணீர் பிடித்துக்கொண்டாள். பேச்சு இருந்தது, கையில் காசு வந்தபோது அரிசி வாங்கிப் போட்டாள், அம்மாவுக்குக் கால் வலித்தால் பிடித்துவிட்டாள். மாலையில் ஆறிய காபியை அம்மா சாக்கடையில் ஊற்றுவதை நான் தினமும் பார்த்தேன். நாலு நாளில் போய்விடும் என்றாளே, ஒவ்வொரு நாளும் புதுசாகப் போட்டு வைப்பாள்.

தடை முடிந்ததும் அக்கா ஒரு மாநிலப் பந்தயத்தில் ஓட்டினாள். இருபது வயதுப் பெண்கள், புது வண்டிகள். ஏழாவதாக வந்தாள். அப்போதும் யாரோ, "இப்ப மருந்து இல்லல்ல" என்று சொல்லியிருக்கிறார்கள். பந்தய சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, மாஸ்டரிடம் பயிற்சிக்கு வரும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். பிறகு தி. நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ஜிம்மில் வேலைக்குச் சேர்ந்தாள். நகராத சைக்கிளில் உட்கார்ந்து பெண்களுக்கு மிதிக்கச் சொல்லிக் கொடுக்கிறாள். ஒருநாள் போய்ப் பார்த்தேன். ஏசி அறை, பாட்டுச் சத்தம், கண்ணாடிச் சுவர். "ஏத்தம் வருது, ஏத்தம் வருது, விடாதீங்க" என்று அவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். எந்த ஏற்றமும் இல்லை. நான் உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

எனக்குக் கல்யாணமாகி அடையாறுக்கு வந்தேன். ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை, வருகிறவர்கள் எல்லாரும் வாயைத் திறக்கிறார்கள், நான் மட்டும் திறக்கவில்லை. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் புற்றுநோய் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். அக்கா வேலையை முடித்துக்கொண்டு தினமும் வந்துவிடுவாள். ஊராருக்கெல்லாம் ஆயாவாக இருந்த அம்மாவுக்கு அக்கா ஆயாவாக இருந்தாள். தூக்கி உட்காரவைப்பாள், துடைத்துவிடுவாள், கஞ்சியை ஸ்பூனால் ஊட்டுவாள். சைக்கிள் ஓட்டிய கை, அம்மாவை ஒரே தூக்காகத் தூக்கும். அவள் பாசத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. வாங்குவது மட்டும்தான் இல்லை.

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் அக்கா ஆரஞ்சு உரித்து ஒவ்வொரு சுளையாக அம்மா வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு சுளைக்குமேல் அம்மாவால் முடியவில்லை. மூன்றாவதைக் கையில் வாங்கிக்கொண்டாள். பிறகு அதை அக்காவிடம் நீட்டினாள். "நீ துன்னு" என்றாள். அக்கா, "வேணாம்மா, இப்பத்தான் சாப்ட்டேன்" என்றாள். அம்மா கையை மடக்கவில்லை, நீட்டியபடியே வைத்திருந்தாள். அக்கா எழுந்து தட்டைக் கழுவப் போனாள். அம்மா என் பக்கம் திரும்பி அந்தச் சுளையை என் உள்ளங்கையில் வைத்தாள். நான் அதைச் சாப்பிட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அக்கா கழுவிக்கொண்டிருந்த இடம் பத்தடி தூரம்கூட இல்லை.

அம்மா போய் ஒரு வருஷம் ஆனது. திதியை என் வீட்டில் வைத்தோம். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து, அக்காவும் நானும் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அம்மாவ நான் மன்னிச்சிட்டேன்டி. படிக்காதவ, தெரியாம செஞ்சிட்டா. இனிமே அத்த மனசுல வெச்சிக்கக் கூடாதுன்னு இன்னிக்கி கும்புட்டேன்."

அந்த வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட இன்னும் பத்து வருஷம் சும்மா இருந்திருப்பேன், நான் அப்படிப்பட்டவள்தான். செய்யாத தப்புக்கு, செத்த பிறகு அம்மாவுக்கு மன்னிப்பா? "அம்மா செய்யலக்கா. நான்தான்" என்றேன்.

அக்கா திரும்பவில்லை. "எத்தன?" என்றாள்.

"மூணு."

"இன்னா கலரு?"

"மஞ்சள்."

"எப்ப?"

"மொத நாள் சாய்ந்தரம் ரெண்டு. நீ கெளம்பறப்ப ஒண்ணு."

"அட்ட?"

"குப்பைல போட்டுட்டேன்."

அன்றைக்கு அந்த மூன்று பேர் கேட்ட அதே கேள்விகள். எல்லாவற்றுக்கும் சரியான பதில் என்னிடம் தயாராக இருந்தது, எப்போதும் இருந்தது. அக்கா கடைசியாக ஒன்று கேட்டாள், "அம்மாவுக்குத் தெரியுமா?"

"குடுக்கறப்ப தெரியாதுக்கா. நீ கேட்டப்பத்தான் என் மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிக்கினா."

அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. தோல் உரிந்து ரத்தமாக வந்த நாட்களில் அழாதவள், கடிதம் வந்தபோது அழாதவள், அம்மாவை எடுத்துக்கொண்டு போனபோதுகூட நின்று பார்த்துக்கொண்டிருந்தவள். "நீட்டிக்கினே இருந்தாளேடி," என்றாள். "கைய மடக்காம நீட்டிக்கினே இருந்தாளே. நான் வாங்கலியே." நான் தொடப்போனேன். என் கையைத் தள்ளவில்லை, ஆனால் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இது நடந்து நாற்பது நாள் இருக்கும். தினமும் போன் செய்தேன், எடுக்கவில்லை. முந்தாநாள் எடுத்தாள். என்மேல் கோபமா அக்கா, என்ன வேண்டுமானாலும் திட்டு என்றேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "உன்மேல கோவப்பட இன்னும் நேரம் வரலடி. ஒரு வருசமா அழாதத இப்பத்தான் அழுதுக்கினு கீறேன். அது முடியட்டும்." போனை வைத்துவிட்டாள்.